மூட்டை மூட்டையாகக் கடிதங்கள்

தொண்ணூறுகளின் கடைசியில் நாங்கள் ஜெர்சி சிட்டியில் குடியிருந்தோம். கணவருக்குக் கம்ப்யூட்டர் வேலை. எனக்கு வேலை பார்க்க அனுமதி தராத விசா. ஆறு வயது மகளைப் பள்ளியில் விடுவது, கூட்டி வருவது, சமைப்பது, நூலகம் போவது. என் அமெரிக்கா அவ்வளவுதான். வார விடுமுறையில் பாத் ரயில் பிடித்து, ஹட்சன் ஆற்றுக்கு அடியில் போய், 33-ஆம் தெரு நிலையத்தில் இறங்குவோம். படியேறி வெளியே வந்தால் ஹெரால்ட் சதுக்கம். எதிரே மேசீஸ் கடை. வாங்குவதற்கு நாங்கள் போகவில்லை. அங்கே பழைய மர எஸ்கலேட்டர்கள் உண்டு. மரப் படிகள் கடகடவென்று சத்தம் போட்டபடி மேலே ஏறும். அதில் ஏறி இறங்குவது மகளுக்குத் திருவிழா. டிசம்பர் வந்தால் எட்டாவது மாடியில் சாண்டா கிளாஸ் உட்கார்ந்திருப்பார். வரிசை நீண்டு வளைந்து கிடக்கும். நாங்களும் நின்றிருக்கிறோம்.

இதை எங்கள் பேட்டை நூலகத்தில் இருந்த வயதான அம்மாளிடம் மகள் ஒருநாள் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் உள்ளே போய் இரண்டு வீடியோ கேசட்டுகளை எடுத்து வந்தார். இரண்டின் மீதும் ஒரே பெயர்: 'மிராக்கிள் ஆன் 34த் ஸ்ட்ரீட்'. ஒன்று 1947-இல் வந்த கறுப்பு வெள்ளைப் படம். இன்னொன்று 1994-இல் அதையே திரும்ப எடுத்தது. "பழையதை முதலில் பாருங்கள், அந்த வரிசையை மாற்றாதீர்கள்" என்று மட்டும் சொன்னார். அவர் சொன்னபடியே செய்தேன். அன்றிலிருந்து எந்தப் பழைய படத்தை யார் மறுபடி எடுத்தாலும் என் மனசு இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துத்தான் எடை போடுகிறது.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேசீஸ் கடை நன்றி தெரிவிக்கும் நாளன்று ஆண்டுதோறும் நடத்தும் ஊர்வலத்தில் சாண்டா வேடம் போட வந்தவர் குடித்துவிட்டுத் தள்ளாடுகிறார். அதைக் கண்டு கோபப்படுகிற வெள்ளைத்தாடிக் கிழவர் ஒருவரை, ஊர்வலத்தை நடத்தும் அதிகாரி டோரிஸ் அந்த இடத்திலேயே வேடத்துக்குப் பிடித்துப்போடுகிறாள். கிழவரின் பெயர் கிரிஸ் கிரிங்கிள். தான் வேடம் போடவில்லை, தானேதான் சாண்டா என்கிறார். டோரிஸ் கணவனைப் பிரிந்தவள். ஏமாந்து போனவள். அதனால் தன் பெண் சூசனுக்குத் தேவதைக் கதை எதுவும் சொல்லாமல் வளர்க்கிறாள். கிழவருக்குப் புத்தி சரியில்லை என்று வழக்கு வருகிறது. அடுத்த வீட்டு வக்கீல் அவருக்காக வாதாடுகிறான். இவர்தான் சாண்டா என்று நியூயார்க் நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும்.

1947 படத்தை எழுதி இயக்கியவர் ஜார்ஜ் சீட்டன். மூலக்கதை வாலண்டைன் டேவிஸ். கிரிஸ்ஸாக வந்த எட்மண்ட் க்வென்னுக்குச் சிறந்த துணை நடிகர் ஆஸ்கர் கிடைத்தது. கதைக்கும் திரைக்கதைக்கும் தனித்தனியே ஆஸ்கர் உண்டு. சூசனாக நடித்த எட்டு வயதுக் குழந்தைதான் பிற்காலத்தில் பெரிய நட்சத்திரமான நடாலி வுட். க்வென் நிஜமான சாண்டா என்றே படப்பிடிப்பு முடியும் வரை தான் நம்பியதாக அவர் பின்னாளில் சொன்னார். நம்பியிருக்கலாம். 1946 நவம்பரில் நடந்த அசல் மேசீஸ் ஊர்வலத்தில் க்வென்னே சாண்டாவாகப் போனார், கேமராக்கள் அதைப் படம் பிடித்தன. போர்க்காலத்தில் 1942 முதல் மூன்று ஆண்டுகள் ஊர்வலம் நடக்கவில்லை. அது மறுபடி தொடங்கி இரண்டாவது வருஷம் அது. தெருவோரம் நிற்கிற கூட்டத்தின் முகங்களைப் பாருங்கள். அவர்கள் யாரும் துணை நடிகர்கள் இல்லை.

இன்னொரு சேதி எனக்கு எப்போதும் ஆச்சரியம் தருவது. கிறிஸ்துமஸ் படமான இது வெளிவந்தது ஜூன் மாதத்தில். கோடையில்தான் கூட்டம் தியேட்டருக்கு வரும் என்று ஃபாக்ஸ் நிறுவனத்தின் டாரில் ஜானக் முடிவு செய்தார். விளம்பரத்தில் கிறிஸ்துமஸ் என்ற பேச்சே வரவில்லை. அப்படியும் படம் ஓடியது. பண்டிகைப் படம் என்றால் பண்டிகையன்று மட்டும் தின்னும் பலகாரமாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

முதல் முறை பார்த்தபோது என் மகளுக்குப் பிடித்தது குரங்குக் காட்சி. மற்றக் குழந்தைகள் மிருகக்காட்சிசாலை விளையாட்டு விளையாடுகிறார்கள். சூசன் சேரவில்லை. "நான் மிருகம் இல்லையே" என்பது அவள் வாதம். கிழவர் அவளுக்குக் குரங்காக நடிக்கக் கற்றுத் தருகிறார். முதுகை வளை, கையைத் தொங்கவிடு, சொறிந்துகொள். அந்தச் சின்னப் பெண் முதலில் வெட்கத்தோடும் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகவும் குரங்காகிறாள். சாண்டாவை நம்பு என்று படம் அவளிடம் சொல்வதில்லை. கற்பனை செய்யத் தெரியாத குழந்தைக்கு எதையுமே நம்பத் தெரியாது என்பதால் குரங்கிலிருந்து ஆரம்பிக்கிறது. எவ்வளவு யோசித்து எழுதியிருக்கிறார்கள்!

மறுநாள் 1994 படம். தயாரித்துத் திரைக்கதையையும் எழுதியவர் 'ஹோம் அலோன்' எழுதிய ஜான் ஹியூஸ். இயக்கம் லெஸ் மேஃபீல்ட். கிரிஸ்ஸாக ரிச்சர்ட் அட்டன்பரோ. நம் ஊருக்கு அவர் 'காந்தி' எடுத்தவர். சத்யஜித் ராயின் 'சத்ரஞ்ச் கே கிலாடி'யில் ஆங்கில ஜெனரலாக வந்தவர். அந்தத் தாடியும் கண்ணும் பார்த்தவுடன் யாரையும் சாய்த்துவிடும். படம் முழுக்கத் தங்க நிறம், சிவப்பு, பனி. மகள் கண் கொட்டாமல் பார்த்தாள். நானும்தான். ஆனால் முடிந்த பிறகு எதுவோ குறைந்தது.

என்ன குறைந்தது என்று சொல்வதற்கு முன், காலம் மாறியதால் தவிர்க்க முடியாமல் மாறியவற்றை ஒதுக்கிவிட வேண்டும். மேசீஸ் தன் பெயரைப் பயன்படுத்த இடம் தரவில்லை. பழைய படமே போதும் என்று இருந்துவிட்டது. அந்த நிறுவனம் 1992-இல் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போயிருந்த நேரமும் அது. அதனால் படத்தில் கோல்ஸ் என்றொரு கற்பனைக் கடை. பழைய படத்தில் மேசீஸுக்குப் போட்டியாக வரும் கிம்பெல்ஸ் நிஜமான கடை, அதே ஹெரால்ட் சதுக்கத்துக்காரர்கள். அது 1987-இல் மூடப்பட்டுவிட்டது. ஆகவே அதற்கும் ஒரு கற்பனைப் பெயர். இதிலெல்லாம் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனாலும் நிஜப் பெயர் போனதில் ஒரு சுவை போய்விட்டது. இங்கே இல்லாத சாமான் கிம்பெல்ஸில் கிடைக்கும் என்று மேசீஸ் கடை நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டு கிழவர் தாய்மார்களை எதிரிக் கடைக்கு அனுப்புவார். இரண்டும் நிஜமாகவே இருந்த கடைகள் என்பதால் நியூயார்க்காரர்கள் அதை எப்படி ரசித்திருப்பார்கள்! பெயர் போடாத ஒரு குட்டி வேடத்தில் தெல்மா ரிட்டர் என்ற நடிகை, கடைக்காரரைப் பிடித்து நிறுத்தி, இப்படி நேர்மையாகச் சொல்கிற கடைக்குத்தான் இனி நான் வருவேன் என்று பொரிந்து தள்ளுவார். வருவது ஒரு நிமிஷம். இன்றும் அந்த முகம் மறக்கவில்லை.

என் மனம் ஒப்பாதது வில்லனைத்தான். பழைய படத்தில் அப்படி ஒருவர் கிடையாது என்றே சொல்லலாம். கடையில் மனநலச் சோதனை செய்கிற சாயர் என்றொரு சின்ன மனிதன். தன் வேலையைக் காப்பாற்றிக்கொள்ளப் பொய் சொல்கிறான், அவ்வளவுதான். புதிய படத்தில் போட்டிக் கடை முதலாளி சதி செய்கிறார், ஆட்களை ஏவிக் கிழவரைச் சீண்டிக் கைதாக வைக்கிறார். இந்தக் காலத்துப் பார்வையாளருக்குக் கெட்டவனைப் பெரிதாகக் காட்டினால்தான் புரியும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். நவீனமாக்குவது என்ற பெயரில் பார்க்கிறவர்களைக் குறைத்து மதிப்பிடுவதை நான் ஏற்கவில்லை. இன்னொன்றையும் பாருங்கள். 1947-இல் விவாகரத்தான ஒரு பெண், பெரிய கடையில் பொறுப்பான வேலையில் இருக்கிறாள், குழந்தையைத் தனியாக வளர்க்கிறாள். கத்தோலிக்க ஒழுக்கக் கழகம் அந்த விவாகரத்துக்காகவே படத்துக்கு ஆட்சேபக் குறி போட்டது. புதிய படத்தில் அந்தத் தாய்க்குக் கல்யாணம், வீடு, வரப்போகிற தம்பிப்பாப்பா என்று எல்லாவற்றையும் சாண்டா முடித்து வைத்துவிடுகிறார். பழையது துணிச்சலான படம். புதியதுதான் பத்தாம்பசலி.

இந்த இடத்தில் நம் வீட்டுக் கதையும் ஒன்று உண்டு. புதிய சூசனாக நடித்த மாரா வில்சன் அதற்கு முந்தைய வருஷம் 'மிஸஸ் டவுட்ஃபயர்' படத்தின் கடைக்குட்டி. அந்தப் படத்தின் கருதான் 1996 தீபாவளிக்கு 'அவ்வை சண்முகி' ஆனது. ஆங்கிலப் படத்தில் பெற்றோர் கடைசி வரை சேர்வதில்லை. பிரிந்தாலும் குடும்பம் குடும்பம்தான் என்று குழந்தைகளுக்குச் சொல்லி முடிகிறது. தமிழில் சேர்த்து வைத்துவிட்டார்கள். தீபாவளிக்கு வந்த கூட்டம் சந்தோஷமாகப் போனது, நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தவள்தான். ஆனால் கமல்ஹாசனும் கிரேஸி மோகனும் அதில் வெறுமனே அங்கி மாற்றவில்லை. மயிரிழை தவறாமல் நம் வீட்டுப் பேச்சு, நம் வீட்டு மாமி, நம் வீட்டு மாமனார் என்று மறுபடி யோசித்திருந்தார்கள். அந்த யோசனைக்காக முடிவை நான் மன்னிக்கிறேன்.

நீதிமன்றக் காட்சிக்கு வருகிறேன். என் அப்பா திருச்சி ஆர்.எம்.எஸ்.ஸில் சார்ட்டர். ராத்திரி ரயில்களில் தபால் பிரித்தவர். புறாக்கூண்டுத் தட்டுகளுக்கு முன்னால் நின்று கடிதங்களைக் கண்ணால் படித்துக் கையால் எறிகிற அந்த வேகம் எனக்குச் சின்ன வயசிலிருந்து தெரியும். விலாசம் சரியில்லாதவற்றை என்ன செய்வீர்கள் என்று கேட்டால் சேராத கடிதங்களுக்கான ஆர்.எல்.ஓ. அலுவலகத்துக்குப் போகும் என்பார். 'பழனி முருகன் துணை, பழனி' என்று மட்டும் எழுதிய உறைகள் வருமாம். "அதுல விலாசம் சரியாத்தானே இருக்கு" என்பார் அப்பா.

பழைய படத்தில் நியூயார்க் தபால் நிலையத்தில் அப்படி ஒரு சார்ட்டர் வருகிறார். சூசன் எழுதிய கடிதம் கிரிஸ் கிரிங்கிள், நீதிமன்றம் என்ற விலாசத்தோடு அவர் கைக்கு வருகிறது. கிடங்கில் சாண்டாவுக்கு எழுதிய கடிதங்கள் மூட்டை மூட்டையாகக் கிடக்கின்றன, இடத்தை அடைத்துக்கொண்டு. இவர்தான் ஆள் என்று ஊரே சொல்கிறதே, எல்லாவற்றையும் அங்கேயே அனுப்பிவிடுவோம் என்று அவருக்குத் தோன்றுகிறது. வக்கீல் முதலில் மூன்றே கடிதங்களை நீட்டுகிறான். தபால் துறை அமெரிக்க அரசின் அங்கம், கடிதத்தைத் தவறான ஆளிடம் சேர்ப்பது குற்றம் என்கிறான். மூன்று கடிதம் போதாது என்கிறது எதிர்த்தரப்பு. மீதியையும் கொண்டுவரச் சொல்கிறார் நீதிபதி. காவலர்கள் மூட்டைகளைத் தூக்கி வந்து அவர் மேசை மீது கொட்டுகிறார்கள், கொட்டிக்கொண்டே இருக்கிறார்கள். நீதிபதி கடிதக் குவியலுக்குப் பின்னால் மறைந்து போகிறார். அரசாங்கமே இவரைச் சாண்டா என்று ஏற்கும்போது நான் மறுக்க மாட்டேன் என்று வழக்கைத் தள்ளுகிறார்.

யாருமே பெரிய நம்பிக்கையால் எதையும் செய்யவில்லை, கவனித்தீர்களா? சார்ட்டருக்குக் கிடங்கு காலியாக வேண்டும். நீதிபதிக்குத் தேர்தல் வருகிறது. மேசீஸுக்கு வியாபாரம். வழக்கை நடத்தும் அரசு வக்கீலையே அவருடைய சின்ன மகன் சாட்சிக் கூண்டில் மடக்குகிறான், சாண்டா இருக்கிறார் என்று அப்பாதான் சொன்னார் என்று. அவரவர் சின்னச் சின்னத் தேவைகள் சேர்ந்து ஒரு கிழவரைக் காப்பாற்றுகின்றன. குழந்தைகளின் கையெழுத்து அங்கே சட்டச் சான்றாகிறது. 1994-இல் இதை எடுத்துவிட்டார்கள். சூசன் நீதிபதியிடம் ஒரு டாலர் நோட்டைத் தருகிறாள். அதில் அச்சிட்டிருக்கும் கடவுள் நம்பிக்கை வாசகத்தை வட்டம் போட்டுக் காட்டியிருக்கிறது. கண்ணால் காணாத கடவுளை அரசாங்கம் நம்பலாம் என்றால் சாண்டாவை ஊர் நம்பக் கூடாதா என்கிறார் நீதிபதி. வாதம் என்ற அளவில் சரிதான். ஆனால் ஊரிலுள்ள குழந்தைகள் எல்லோரும் சேர்ந்து வென்ற வழக்கு, ஒரு டாலர் நோட்டில் வென்ற வழக்காகிவிட்டது. தொண்ணூறுகளில் கடிதம் எழுதுகிற வழக்கம் குறைந்திருக்கலாம். குழந்தைகள் சாண்டாவுக்கு எழுதுவதை நிறுத்திவிடவில்லை.

இந்தியா திரும்பிய பிறகு ஒரு டிசம்பர் விடுமுறையில் திருச்சி வீட்டில் இரண்டு படங்களையும் எல்லோருக்கும் போட்டுக் காட்டினேன். அப்பாவுக்கு ஆங்கிலப் படம் பழக்கமில்லை. பக்கத்தில் உட்கார்ந்து நான் சொல்லிக்கொண்டே வந்தேன். மூட்டைகளைக் கொட்டும்போது அப்பா நாற்காலியில் முன்னால் நகர்ந்துவிட்டார். "பையை இப்படிக் கவுக்கக் கூடாதும்மா, லேபிள் பாத்துப் பிரிக்கணும்" என்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். இவ்வளவு காலம் பார்த்த வேலைக்கு ஒரு சினிமாவில் இப்படியொரு மரியாதை கிடைத்து அவர் பார்த்ததில்லை.

அடுத்து 1994 படம். என் தங்கை மகளுக்கு அப்போது ஒன்பது வயது. பிறவியிலேயே காது கேட்காது. அவள் படித்த பள்ளியில் உதட்டசைவைப் படிக்கவும் பேசவும்தான் பயிற்சி. வகுப்பில் கையசைத்துப் பேசினால் திட்டு விழும். இடைவேளையில் பிள்ளைகள் தங்களுக்குள் கையால்தான் பேசிக்கொள்வார்கள்.

இந்த இடத்தில் பழைய படத்தின் ஒரு காட்சியைச் சொல்லியாக வேண்டும். சாண்டாவைப் பார்க்கும் வரிசையில் ஒரு வளர்ப்புத்தாய், ஹாலந்திலிருந்து வந்த சிறுமியை அழைத்து வருகிறாள். ரோட்டர்டாம் அநாதை இல்லத்துக் குழந்தை. இவளுக்கு ஆங்கிலம் தெரியாது, சொன்னாலும் கேட்கவில்லை, நீங்கள் பேசுவீர்கள் என்று பிடிவாதம் பிடித்தாள் என்கிறாள். கிழவர் டச்சு மொழியில் பேச ஆரம்பிக்கிறார், இருவரும் சேர்ந்து பாடுகிறார்கள். அடியில் மொழிபெயர்ப்பு கிடையாது. 1940 மே மாதம் ஜெர்மானிய விமானங்கள் ரோட்டர்டாமின் நடுப்பகுதியைக் குண்டு போட்டுத் தரைமட்டமாக்கின. 1947-இல் தியேட்டரில் இருந்த எல்லோருக்கும் அந்த ஊர்ப் பெயர் போதும். 1994 பார்வையாளருக்கு அது வெறும் ஊர்.

அதனால் புதிய படம் அந்த வரிசையில் காது கேளாத ஒரு சிறுமியை நிறுத்தியது. நீங்கள் பேச வேண்டாம், அவள் உங்களைப் பார்க்கத்தான் வந்தாள் என்கிறாள் தாய். அட்டன்பரோ ஒரு கணம் அந்தக் குழந்தையைப் பார்க்கிறார். பிறகு கைகளை உயர்த்திச் சைகையில் பேசுகிறார். பெயர் கேட்கிறார். அவள் விரல்களால் எழுத்துக்கூட்டிச் சொல்கிறாள்.

என் தங்கை மகள் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அமெரிக்கச் சைகை மொழி வேறு, நம் நாட்டுச் சைகை வேறு. எழுத்துக்கூட்ட அவர்கள் ஒரு கையைப் பயன்படுத்துகிறார்கள், இந்தியச் சைகை மொழியில் இரண்டு கை. அவர் என்ன சொன்னார் என்பது அவளுக்கு முழுதாகப் புரிந்திருக்காது. ஆனால் அந்தத் தாயின் முகம் புரிந்தது. கூச்சமும் மன்னிப்பும் கலந்த அந்தச் சிரிப்பை அவள் கடையிலும் கல்யாண வீட்டிலும் தன் அம்மாவிடம் பார்த்தே வளர்ந்தவள். திரும்பி என் தங்கையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துக் கையால் ஒரு வட்டம் போட்டாள், மறுபடி போடு என்று. அந்தக் காட்சியை அன்று திரும்பத் திரும்பப் போட்டோம். கடைசியில் சிறுமியின் கையசைவை அப்படியே செய்து அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்தாள். தங்கை சமையலறைக்குப் போய்விட்டாள். நானும் பின்னாலேயே போனேன். "அக்கா, அடுத்த வருஷம் அவளைக் கையால பேச விடுற வேற பள்ளிக்கூடம் பாக்குறேன்" என்றாள். பார்த்தாள்.

அந்த ஒரு காட்சிக்காக 1994 படத்துக்கு நான் நன்றிக்கடன் பட்டவள். ரோட்டர்டாம் குழந்தையை அவர்கள் நீக்கவில்லை. தன்னைச் சுற்றிப் பேசுகிறவர்கள் யாருடைய பேச்சும் எட்டாத ஒரு குழந்தை இன்றைக்கு யார் என்று கேட்டுக்கொண்டு, சரியான ஆளைக் கண்டுபிடித்தார்கள். படம் முழுவதையும் அந்தக் கவனத்தோடு யோசித்திருந்தால் டாலர் நோட்டு வந்திருக்காது, சதிகார முதலாளியும் வந்திருக்க மாட்டார்.

இந்த விடுமுறைக்கு உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இரண்டையும் காட்டுங்கள், பழையதை முதலில். 1985-இல் வண்ணம் ஏற்றிய பிரதியும் கிடைக்கிறது, அதைத் தொடாதீர்கள். கறுப்பு வெள்ளையையே போடுங்கள். தமிழில் யாராவது இந்தக் கதையைக் கையில் எடுக்க நினைத்தால் அவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான்: கடை எது, நட்சத்திரம் யார் என்று முடிவு செய்வதற்கு முன், நம் ஊர் வரிசையில் வந்து நிற்கப்போகிற அந்தக் குழந்தை யார் என்று தீர்மானித்துக்கொள்ளுங்கள். தபால் மூட்டைகளை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடாதீர்கள்.